ரோம் நகரின் நீரூற்றுகளையும் நினைவுச்சின்னங்களையும் காணச் செல்வோருக்கு: விசா முதல் நுழைவுச்சீட்டு வரை

கடந்த அக்டோபரில் என் பெற்றோரை அழைத்துக்கொண்டு ரோம் நகருக்குச் சென்று வந்தேன். ஏற்பாடுகளுக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதில் பாதி நாட்கள், முன்பே யாராவது சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேன் என்னும் தவறுகளைச் சரிசெய்வதிலேயே கழிந்தன. முதன்முறையாகச் செல்லும் நீங்கள் அவற்றைத் தவிர்க்கவேண்டும் என்பதற்காகச் செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். ரோமின் நீரூற்றுகள் அநேகமாக எல்லாமே தெருவில், கட்டணமின்றிக் காணக்கூடியவை. ஆனால் அவற்றின் முன்னால் நிம்மதியாக நிற்பதற்கு ஊரிலிருந்தே தொடங்கும் வேலை இருக்கிறது.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நம்மில் பெரும்பாலோர் பிள்ளைகளின் விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். விசா விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கடினமாவதும், ஈஸ்டர் திருநாளை ஒட்டி ரோமில் கூட்டம் பெருகுவதும் அதே காலத்தில்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். கருங்கல் பாவிய தெருக்களில் நாளெல்லாம் நடக்கவேண்டியிருப்பதால் முதியவர்களை அப்போது அழைத்துச் செல்லவேண்டாம். என் கணிப்பில் அக்டோபரும் மார்ச்சும் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவுதான், ஆனால் பழங்கால அரங்கமான கொலோசியம் போன்ற இடங்கள் மாலை 4.30 மணிக்கே மூடப்படும் என்பதையும், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே உள்ளே விடுவது நின்றுவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

நீரூற்றுகளையும் முக்கியமான நினைவுச்சின்னங்களையும் அவசரமின்றிப் பார்க்க ஐந்து இரவுகள் போதும். மூன்று இரவுகளில் முடிக்க நினைத்தால் ஓட்டம்தான் மிஞ்சும்.

2. விசா: ஆவணங்கள், கட்டணம், காலம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இருவருக்கும் ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பயணத்துக்கு 15 நாட்களுக்கு முன். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும் என்றாலும் 45 நாட்கள் வரை நீட்டிக்க விதி இடமளிக்கிறது. ஆகவே பயணத்துக்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே விண்ணப்ப மையத்தில் நேரம் பதிவு செய்துவிடுங்கள். நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்கும் முகவர்களை நாடவேண்டாம். மையத்தின் தளத்தை நாள்தோறும் வெவ்வேறு வேளைகளில் பார்த்தால், பிறர் கைவிடும் நேரங்கள் கண்ணில் படும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

இத்தாலியோடு வேறு நாடுகளுக்கும் செல்வதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கவேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். எந்த நாட்டுக்கு எளிதாக நேரம் கிடைக்கிறதோ அங்கே விண்ணப்பித்துவிட்டு வேறெங்கோ நாட்களைக் கழிப்பது பின்னாளில் உங்கள் அடுத்த விண்ணப்பத்தைக் கெடுக்கும்.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவிலிருந்து திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்கவேண்டும். நிழற்படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். சாதாரணப் பாஸ்போர்ட் அளவு என்று கேட்டு எடுத்தால் பொருந்தாமல் போகலாம், ஸ்டுடியோவில் ஷெங்கன் அளவு என்றே சொல்லுங்கள். பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்திலும், வரும் நாளும் போகும் நாளும் உட்பட முழுக் காலத்துக்கும் இருக்கவேண்டும். இவற்றோடு போய்வருவதற்கான விமானப் பதிவு, ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடச் சான்று, வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலையில் இருப்போருக்கு அலுவலகத்தின் விடுப்புக் கடிதம் ஆகியவை வேண்டும். என் பெற்றோர் ஓய்வூதியர்கள் என்பதால் ஓய்வூதிய ஆணையின் நகலையும், செலவை நான் ஏற்பதாக ஒரு கடிதத்தையும், நான் அவர்களின் மகன் என்பதற்கான சான்றையும் வைத்தேன்.

வங்கி அறிக்கையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தனியாக 6 முதல் 10 நாட்கள் வரை செல்பவர் நாளொன்றுக்கு 44.93 யூரோ வைத்திருக்கவேண்டும் என்பது இத்தாலி வகுத்துள்ள குறைந்தபட்ச அளவு. அது மிகக் குறைந்த வரம்பு, அதைவிட நல்ல அளவு கூடுதலாக இருப்பதே பாதுகாப்பு. ஆனால் விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரத்தில் உறவினரிடம் வாங்கிய பெருந்தொகையைக் கணக்கில் போடாதீர்கள். திடீரென வந்த தொகை ஐயத்தையே எழுப்பும். மாதந்தோறும் சீராக வந்து செல்லும் சிறு தொகைகள் அதைவிட மதிப்புள்ளவை.

விசா கையில் கிடைக்கும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்.

3. பெயரை எல்லா இடத்திலும் ஒன்றாக எழுதுங்கள்

இந்தப் படியை நீங்கள் எக்காரணம் கொண்டும் கடந்து செல்லக்கூடாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் உண்டு. கடவுச்சீட்டில் சிலருக்குத் தந்தையின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கும், சிலருக்கு இயற்பெயரோடு சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கும், சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே வெறுமையாக இருக்கும். என் குடும்பத்தில் மூவருக்கும் மூன்று விதம்.

விமானச்சீட்டு, காப்பீடு, விசா விண்ணப்பம், நினைவுச்சின்ன நுழைவுச்சீட்டு ஆகிய எல்லாவற்றிலும் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்வார்கள். நான் அப்பாவின் பெயரோடு தலைப்பெழுத்தை மட்டும் போட்டு, ஓர் இடைத்தரகர் தளத்தில் நுழைவுச்சீட்டு வாங்கினேன். கடவுச்சீட்டிலோ தாத்தாவின் பெயர் முழுமையாக இருந்தது. நினைவுச்சின்னம் ஒன்றின் வாயிலில் அப்பாவை மட்டும் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தளத்தின் உதவி எண்ணில் பதில் கிடைக்கவில்லை. எழுபது வயதைக் கடந்தவர் வெயிலில் நாற்பது நிமிடம் நின்ற பிறகே வழி பிறந்தது.

ஆகவே கடவுச்சீட்டின் முதல் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர், எந்த எழுத்துக்கூட்டல் என்று ஒரு தாளில் எழுதி, எல்லாப் பதிவுகளையும் அந்தத் தாளைப் பார்த்தே செய்யுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக உள்ளவர்கள், விமானச்சீட்டு வாங்குமுன் விமான நிறுவனத்திடம் அவர்கள் முறை என்ன என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

4. கொலோசியம் நுழைவுச்சீட்டு: 30 நாட்களுக்கு முன்

கொலோசியம், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரம், அதை ஒட்டிய பாலட்டைன் குன்று ஆகிய மூன்றும் ஒரே நுழைவுச்சீட்டில் அடங்கும். 24 மணி நேரம் செல்லும் சாதாரணச் சீட்டு 18 யூரோ. அரங்கின் நடுவே வீரர்கள் மோதிய தளத்தில் நிற்க அனுமதிக்கும், இரண்டு நாள் செல்லும் சீட்டு 24 யூரோ. கொலோசியத்துக்குள் நுழையும் நேரம் சீட்டில் குறிக்கப்பட்டிருக்கும். மற்ற இரண்டு இடங்களுக்கும் அந்தக் கால வரம்புக்குள் ஒருமுறை செல்லலாம்.

சீட்டுகள் 30 நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வருகின்றன. கொலோசியம் தொல்லியல் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உங்கள் பெயரில் கணக்கை முன்கூட்டியே தொடங்கி, வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அனுமதித்து வைத்துக்கொண்டு, 30 நாள் தொடங்கும் அன்று காத்திருங்கள். இந்திய வங்கி அட்டைகளில் இந்த அனுமதி இயல்பாகத் திறந்திருப்பதில்லை, வங்கியின் செயலியில் நீங்களே திறக்கவேண்டும். பணம் செலுத்தும் நொடியில் இது தெரிய வந்து சீட்டை இழந்தவர்களில் நானும் ஒருவன்.

தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. அதே சீட்டை வழிகாட்டி, வரிசையில் நிற்காத நுழைவு என்ற பெயர்களில் இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். வரிசையில் நிற்காமல் செல்லலாம் என்ற வாக்குறுதியை நம்பவேண்டாம், பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லாருக்கும் பொது.

2023 அக்டோபர் முதல் சீட்டுகள் பெயருக்கு உரியவை ஆகிவிட்டன. நுழையும்போது கடவுச்சீட்டின் மூலத்தையே கொண்டுசெல்லுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் அவர்களுக்கும் பூச்சிய விலைச் சீட்டைப் பதிவு செய்யவேண்டும். இதை மறந்து பிள்ளைகளோடு வாயிலில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்தேன். பெரிய பைகளும் கண்ணாடிப் புட்டிகளும் உள்ளே அனுமதி இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு நினைவுச்சின்னங்களில் நுழைவு இலவசம். அதற்காக அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவேண்டாம் என்பேன். கொலோசியத்தில் அன்று முன்பதிவு கிடையாது. வரிசையில் செலவாகும் அரை நாள் 18 யூரோவை விட மதிப்பு மிக்கது.

சீட்டு கிடைக்காவிட்டால் மனம் தளரவேண்டாம். காம்பிடோலியோ குன்றின் உச்சியில் உள்ள சதுக்கத்துக்கு ஏறி, நகர மண்டபத்தின் பக்கவாட்டில் சென்றால், ஃபோரம் முழுவதையும் மேலிருந்து கட்டணமின்றிப் பார்க்கலாம். மாலை வெயிலில் அந்தக் காட்சியை என் அம்மா உள்ளே சென்று பார்த்ததை விடவும் விரும்பினார்.

5. பாந்தியன்

2023 ஜூலை முதல், பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 5 யூரோ கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். செல்லும் வாரத்தில் நடப்புத் தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது இன்றும் வழிபாடு நடக்கும் தேவாலயம் என்பதால் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். வழிபாட்டு நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. கொலோசியம் அளவுக்கு முன்கூட்டியே பதிவு செய்யத் தேவையில்லை.

6. விமான நிலையம், தங்குமிடம், நகர வரி

ஷெங்கன் எல்லையில் கடவுச்சீட்டில் முத்திரை இடும் முறைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்துள்ளது. வேறு ஷெங்கன் நாட்டு நகரத்தில் விமானம் மாறுவோர் இடைவெளியை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைச் சோதனை அங்கேயே நடக்கும்.

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து நகரின் முதன்மை ரயில் நிலையமான டெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் செல்லும், ஒருவருக்கு 14 யூரோ. பழைய நகரச் சுவருக்குள் உள்ள இடங்களுக்கு டாக்ஸியின் நிலைக் கட்டணம், வண்டி முழுவதற்கும் பெட்டிகளோடு, 55 யூரோ. நான்கு பேர் என்றால் ரயிலுக்கே 56 யூரோ ஆகிவிடும், பிறகு நிலையத்திலிருந்து விடுதிக்கும் செல்லவேண்டும். தனியாகச் செல்பவர் ரயிலையும், குடும்பமாகச் செல்வோர் டாக்ஸியையும் கொள்வது சரி. வெளியே வரிசையில் நிற்கும் வெள்ளை நிற டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள், உள்ளேயே வந்து அழைப்பவர்களோடு போகாதீர்கள்.

அறை வாடகையில் சேராத ஒரு செலவு நகர வரி. ஆள் ஒருவருக்கு, இரவு ஒன்றுக்கு, மூன்று நட்சத்திர விடுதியில் 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50 யூரோ. பத்து இரவுகள் வரை வசூலிப்பார்கள். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை. மூவர் ஐந்து இரவுகள் மூன்று நட்சத்திர விடுதியில் தங்கினால் 90 யூரோ, அதைத் தனியாக எடுத்துவையுங்கள்.

விடுதியில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். தங்குவோரின் விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது அவர்களின் சட்டக் கடமை. உறவினர் வீட்டில் தங்குவோருக்கு இதில் ஒரு பொறி உண்டு. வேறொரு ஷெங்கன் நாடு வழியாக இத்தாலிக்குள் வந்தவர்கள், வந்த எட்டு நாட்களுக்குள் உள்ளூர்க் காவல் தலைமையகத்தில் தங்கள் வருகையைத் தாங்களே தெரிவிக்கவேண்டும்.

நகரப் பேருந்து, மெட்ரோ இரண்டுக்கும் 100 நிமிடச் சீட்டு 1.50 யூரோ, அதில் மெட்ரோவில் ஒரு பயணம் மட்டுமே செய்யலாம். 24 மணி நேரச் சீட்டு 8.50 யூரோ. ஒரே நாளில் ஆறு முறை ஏறினால்தான் அது இலாபம், நீரூற்றுகளோ நடக்கும் தொலைவில் உள்ளவை. காகிதச் சீட்டைப் பேருந்தில் ஏறியதும் மஞ்சள் நிற இயந்திரத்தில் பதியவேண்டும், பதியாத சீட்டுக்கும் அபராதம் உண்டு.

7. டிரெவியை விடியலில் பாருங்கள்

நாங்கள் சென்றபோது இல்லாத ஒரு கட்டணம் 2026 பிப்ரவரியில் வந்துவிட்டது. காலையிலிருந்து இரவு 10 மணி வரை டிரெவி நீரூற்றின் தொட்டி விளிம்புவரை இறங்கிச் செல்ல வெளியூரார் 2 யூரோ செலுத்தவேண்டும். மேலே சதுக்கத்திலிருந்து பார்ப்பது இலவசம்தான். நான் சொல்வது என்னவென்றால், காலை ஆறரை மணிக்கு அங்கே இருங்கள். 26 மீட்டர் உயரமும் 49 மீட்டர் அகலமும் கொண்ட அந்த நீரூற்று, குறுகிய தெருக்களுக்கு நடுவே திடீரென்று எதிரே வரும். கண்ணுக்குத் தெரியும் முன்பே நீரின் ஓசை காதில் விழும். பத்து மணிக்கு மேல் கூட்டத்தின் இரைச்சலில் அந்த ஓசை அமிழ்ந்துவிடுகிறது. வீசும் காசுகளைச் சேகரித்து ஏழைகளுக்கு உதவும் அறநிறுவனத்துக்குக் கொடுக்கிறார்கள், ஆகவே தயங்காமல் போடலாம், எடுப்பது மட்டும் குற்றம்.

அங்கிருந்து பார்பெரினி சதுக்கத்தின் டிரிட்டன் நீரூற்று, ஸ்பானியப் படிக்கட்டின் அடியில் உள்ள படகு வடிவ நீரூற்று இரண்டையும் ஒன்பது மணிக்குள் பார்த்துவிடலாம். அந்தப் படிக்கட்டில் உட்காரக்கூடாது. 2019 முதல் அபராதம் 250 யூரோ, அழுக்காக்கினால் 400 வரை. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை முன்பே சொல்லிவையுங்கள், களைத்தவர் படியைக் கண்டால் உட்காரவே செய்வார். நீரூற்றுகளில் கால் நனைப்பதும் அபராதத்துக்குரியது. சுவரில் பெயர் கீறுவோருக்கு 2024-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டம் 10,000 யூரோவில் தொடங்குகிறது.

8. தண்ணீர் வாங்காதீர்கள்

ரோம் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்த் தூண்கள் உள்ளன. வளைந்த குழாய் மூக்கைப் போலிருப்பதால் நஸோனி என்கிறார்கள். இரவும் பகலும் குளிர்ந்த நீர் ஓடும். குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாக நீர் பீய்ச்சி எழும், குனியாமல் குடிக்கலாம். ஆளுக்கு ஒரு புட்டி எடுத்துச்செல்லுங்கள். நோன் பொத்தாபிலே என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், அது குடிப்பதற்கு ஏற்றதல்ல என்று பொருள்.

9. மாலை நடை

ஐந்து மணிக்கு மேல் பியாஸ்ஸா நவோனா சதுக்கத்துக்குச் செல்லுங்கள். அங்கே மூன்று நீரூற்றுகள், நடுவில் இருப்பது சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651-இல் முடிந்த நான்கு நதிகளின் நீரூற்று. நைல், டான்யூப், ரியோ டெ லா பிளாட்டா ஆகியவற்றோடு நம் கங்கையும் அங்கே நீண்ட துடுப்பைப் பிடித்தபடி தாடி வைத்த ஆணாக அமர்ந்திருக்கிறது. கங்கையைப் பெண்ணாகவே அறிந்த என் அம்மா நெடுநேரம் நம்பவில்லை. சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் உட்கார்ந்து குடிக்கும் காப்பிக்கும், பக்கத்துத் தெருவில் நின்றுகொண்டே குடிக்கும் காப்பிக்கும் விலை பல மடங்கு வேறுபடும், உட்காருமுன் விலைப்பட்டியலைப் பாருங்கள்.

பிறகு பத்து நிமிட நடையில் மத்தேயி சதுக்கத்தின் ஆமை நீரூற்று. சிறியது, கூட்டம் இராது, நான் மிகவும் விரும்பியது அதுதான். கால் இடம் கொடுத்தால் திபெர் ஆற்றைக் கடந்து, ஜனிகோலோ குன்றின் மேலுள்ள அக்வா பாவோலா நீரூற்றுக்கு இருட்டுமுன் சென்றுவிடுங்கள். ஏற்றம் செங்குத்தானது, முதியவர்களை டாக்ஸியில் அழைத்துச் செல்வது நல்லது. அகன்ற தொட்டியின் எதிர்ப்புறத் தடுப்புச் சுவரிலிருந்து நகரம் முழுவதும் தெரியும். திரும்பும்போது அங்கே டாக்ஸி எளிதில் கிடைப்பதில்லை என்பதால், இறக்கத்தில் டிரஸ்டெவெரே பகுதி வரை நடந்து வந்து ட்ராம் பிடிக்கும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.